ஆராய்ச்சிக்கு ஓர் ஆசான்

சென்ற மாதம் ஒரு மாலை, காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து நெசவாளர் ஒருவர் தம் குமாரனை அழைத்துக்கொண்டு நம் வீட்டிற்கு வந்தார். பையன் பள்ளியில் நம்மிடம் கணிதம் பயின்றவன். இப்பொழுது எம்.எஸ்ஸி. தேறி, ஆராய்ச்சி உதவித்தொகைக்கான பரீட்சையிலும் வெற்றி பெற்றிருக்கிறான். கையில் ஒரு காகிதம். அதில் ஐந்து பேராசிரியர்களின் பெயர்கள்.

"இவர்களில் யாரிடம் சேரலாம், ஸார்?" என்று கேட்டான்.

முதற்பெயருக்கு எதிரே சிவப்பு மையினால் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தது. காரணம் கேட்டோம். "ரொம்பப் பெரிய பெயர், ஸார்" என்றான். அவர் எழுதிய கட்டுரை எதையேனும் படித்ததுண்டா என்றோம். பதில் இல்லை.

அந்த மௌனம் நமக்குப் பழக்கமானதே. இருபது வருஷங்களுக்கு முன் நாமும் இவ்வாறு பெயரை மாத்திரம் நம்பி, ஒரு பெரியவருடைய அறை வாசலில் தவங்கிடந்தோம். அவரிடம் ஏற்கெனவே எத்தனை மாணாக்கர்கள், அவர்களில் எத்தனை பேர் ஆராய்ச்சியை முடித்துக் கரையேறினார்கள் என்று ஒருவரையும் விசாரித்தோமில்லை. பதினோரு மாத காலத்தில் அவர் நம்மோடு பேசியது நான்கு முறை; அதில் இரண்டு முறை நம் பெயரை மாற்றிச் சொன்னார். திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் அமர்ந்தோம். பள்ளிக்கூடத்தைப் பற்றி நமக்குக் குறை ஒன்றுமில்லை. ஆயினும் அந்தப் பதினோரு மாதங்கள் இன்றும் சில இரவுகளில் நினைவுக்கு வருகின்றன.

அதுவரை வாய் திறவாதிருந்த தகப்பனார் மெல்லச் சொன்னார்: "நாங்கள் கோர்வைத் தறிக்குப் பிள்ளையை விடும்போது, அவரிடம் எத்தனை தறி இருக்கிறதென்று பார்க்கமாட்டோம், ஐயா. அவரிடம் பழகினவன் இன்றைக்குத் தனியாகத் தறி போட்டிருக்கிறானா என்றுதான் பார்ப்போம்."

காஞ்சீபுரத்துப் பட்டுப்புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை பிணைப்பதே கோர்வை. நெய்பவருக்குத் துணையாக மற்றொருவர் தறியின் ஓரத்தில் அமர்ந்து கரை நாடாவை வீசவேண்டும். தொழில் கற்கும் பிள்ளை பெரும்பாலும் அந்த ஓரத்திலிருந்துதான் தொடங்குகிறான். அவன் என்றேனும் நடுவிடத்திற்கு வருவானா என்பது கற்பிப்பவரின் மனத்தைப் பொறுத்தது. பையனுடைய காகிதத்தில் இல்லாத விஷயம் இதுதான்.

ஆசானைத் தேடும் பிரச்னை இவ்வூருக்குப் புதிதன்று. இராமாநுஜர் இளமையில் காஞ்சியை அடுத்த திருப்புட்குழியில் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். உபநிஷத வாக்கியங்களுக்கு அவர் உரைத்த பொருளை ஏற்க இவர் மனம் இடந்தரவில்லை, பிரிய நேர்ந்தது. பிறகு திருக்கச்சி நம்பியைச் சரணடைந்தார். அவரோ தாமே ஆசாரியராக இசையாமல், வரதராஜப் பெருமாளிடம் விண்ணப்பித்து, 'பெரிய நம்பியை அடைக' என்ற விடையைக் கொணர்ந்தார் என்பது வைஷ்ணவ மரபு. மதுராந்தகத்தில் பெரிய நம்பி கிடைத்தார். திருக்கோட்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருள் கேட்கப் பதினெட்டு முறை நடந்த கதையை நேயர்கள் அறிவார்கள். (பதினெட்டு முறையை நாம் இக்காலத்து மாணாக்கருக்குச் சிபாரிசு செய்யவில்லை, மூன்று முறை போதும்.) விட்டுப் பிரிந்த யாதவப் பிரகாசரே முடிவில் இராமாநுஜருக்குச் சீடரானார் என்றும் அம்மரபு கூறுகிறது.

நம் காலத்திற்கு வருவோம். 1932-ஆம் வருஷம் பிப்ரவரி 29-ந் தேதி இதே காஞ்சீபுரத்தில் பிறந்தவர் கணித மேதை சி. எஸ். சேஷாத்ரி. சென்னை லயோலா கல்லூரியில் அவர் படித்தபோது அங்கே சார்ல்ஸ் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கணிதம் போதித்து வந்தார். பாரிஸில் எலி கார்த்தான் என்னும் பெரியாரின் கீழ் ஆராய்ச்சி செய்தவர். அவர் தம் சிறந்த மாணாக்கரைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை. பம்பாயில் 1945-இல் ஹோமி பாபா ஸ்தாபித்த டாட்டா ஆராய்ச்சி நிலையத்திற்கு வழி காட்டினார். திருக்கச்சி நம்பி செய்ததும் இதுவே அல்லவா?

1953-இல் சேஷாத்ரி அங்கே போய்ச் சேர்ந்தார். அவருடன் சேர்ந்தவர் அதே லயோலாவில் படித்த எம். எஸ். நரசிம்மன். இருவருக்கும் நெறியாளர் கே. சந்திரசேகரன். இவர் எண் கணிதத்திலும் பகுப்பாய்விலும் வல்லவர். சேஷாத்ரியின் நாட்டமோ இயற்கணித வடிவியலில் சென்றது. வேறொருவராயிருந்தால் மாணாக்கனைத் தம் துறைக்கே இழுத்திருப்பார். சந்திரசேகரன் இழுக்கவில்லை. உலகத்துப் பெருங்கணிதர்களைப் பம்பாய்க்கு வரவழைத்தார். அவர்களுடைய சொற்பொழிவுகளைக் குறிப்பெடுத்து நூலாக்கும் பணியை இளைஞர்களுக்குக் கொடுத்தார். 1957 முதல் 1960 வரை சேஷாத்ரி பாரிஸில் இருந்து, ஷெவாலே முதலியவர்களின் நட்பைப் பெற்றார். 1958-இல் பம்பாய்ச் சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. 1965-இல் நரசிம்மனும் அவரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றம் இருவர் பெயரையும் தாங்கி இன்றளவும் உலகெங்கும் பயிலப்படுகிறது. பிற்காலத்தில் சென்னையில் ஒரு கணித நிலையத்தையே நிறுவி, 2020-இல் அவர் காலமானார். கடல் கடந்தாலன்றி உயர்ந்த கணிதம் இல்லை என்ற எண்ணத்தைத் தகர்த்தவர்களில் இவர்களும் சேர்ந்தவர்கள்.

சந்திரசேகரனுக்கு ஆசான் சென்னை மாநிலக் கல்லூரியின் கே. ஆனந்தராவ், ஆனந்தராவுக்குக் கேம்பிரிட்ஜில் ஹார்டி. அந்த ஹார்டிக்குத்தான் 1913 ஜனவரி 16-ந் தேதி சென்னைத் துறைமுக அலுவலகத்துக் குமாஸ்தா ஒருவர் கடிதம் எழுதினார். அந்த சீனிவாச ராமாநுஜனுக்கும் இவ்வூருடன் உறவுண்டு. அவருடைய தாய்வழிப் பாட்டனார் காஞ்சீபுரத்து நியாயஸ்தலத்தில் உத்தியோகம் பார்த்தவர். ஹார்டிக்கு முன்னே பேக்கர், ஹாப்ஸன் என்ற இரு பேராசிரியர்களுக்கும் அவர் எழுதியிருந்தார், உதவி கிட்டவில்லை. மூன்றாவது கடிதம் பலித்தது. அதில் அவர் தம் வறுமையைச் சொன்னதோடு நிற்கவில்லை. தாம் கண்ட தேற்றங்களைத் தாள் தாளாக இணைத்திருந்தார். ஹார்டி படித்தது அவற்றைத்தான்.

ஆதலால் பையனிடம் நாம் சொன்னது இது: "தங்கள் புகழ் கேட்டு எழுதுகிறேன் என்று தொடங்காதே. ஒவ்வொருவருடைய கட்டுரையிலும் இரண்டையாவது படி. புரியாத இடத்தைக் குறித்துக்கொள். நீ செய்திருப்பதை ஒரு பக்கத்தில் எழுது. ஒரே கடிதத்தை ஐவருக்கும் நகலெடுத்து அனுப்பாதே. முகவரியை மாத்திரம் மாற்றியிருப்பதை அவர்கள் முதல் வரியிலேயே கண்டுகொள்வார்கள். பதில் வராவிட்டால் மூன்று வாரம் பொறுத்து மறுபடி ஒரு முறை எழுது. அப்புறம் விட்டுவிடு."

சட்டத்தையும் பார்க்கச் சொன்னோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் வருஷத்து விதிகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே காலத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் வழிகாட்ட முடியாது. ஓய்வு பெற மூன்று வருஷத்திற்குக் குறைவாக உள்ளவர் புதிதாக ஒருவரையும் ஏற்கலாகாது. பையன் அங்கேயே கணக்குப் பார்த்தான். நட்சத்திரம் போட்ட பெரியவருக்கு இரண்டு வருஷம்கூட மீதமில்லை! காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மற்ற நால்வருக்கும் கடிதம் போயிற்று. இருவரிடமிருந்து இதுவரை பதில் இல்லை. ஒருவர் இடமில்லை என்று மரியாதையாக எழுதிவிட்டார். நான்காமவர் இன்னும் இளம் வயதினர். பெயரும் அவ்வளவாகப் பரவாதவர். பையன் கேட்டிருந்த ஓர் ஐயத்திற்கு இரண்டு பக்கம் விடை எழுதி, அது தாமும் சரியாக முடிக்காத இடந்தான் என்று ஒப்புக்கொண்டு, நேரில் வரச் சொல்லியிருக்கிறார்.

வருகிற திங்கட்கிழமை புறப்படுகிறான். தகப்பனாரும் தறியை இரண்டு நாள் நிறுத்திவிட்டு உடன் போகிறாராம். அந்த ஆசிரியரிடம் படித்து முடித்த ஒருவர் அதே ஊர்க் கல்லூரியில் வேலை பார்க்கிறாராம். முதலில் அவரைப் பார்க்கவேண்டுமாம்.