ஆற்றில் சரக்குப் படகு செல்லுமா?

அண்மையில் காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள ஒரு சங்கத்தில் தணிக்கை முடிந்து உரையாடிக்கொண்டிருந்தபொழுது, முதிய விவசாய அங்கத்தினர் ஒருவர், "ஐயா, லாரி வாடகையிலேயே நமது லாபம் கரைந்துவிடுகிறது. ஆறு பக்கத்தில்தானே இருக்கிறது. நெல்லையும் ஜவுளியையும் படகில் அனுப்பலாகாதா?" என்று வினவினார். சிந்திக்கத்தக்க கேள்வி.

தரையில் இழுக்கும் பாரத்தைக் காட்டிலும் பன்மடங்கு பாரத்தை நீரில் அதே விசையால் இழுக்கலாம். ஆயினும் படகுக்கு வேண்டுவது ஆற்றின் அகலமன்று; ஆண்டு முழுவதும் குறையாத ஆழம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டு, ஜனவரி 28-இல் மூடப்படும். எஞ்சிய மாதங்களில் காவிரியின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் மணற்பரப்பே. நீர் ஓடுங்காலத்திலும் மணல்மேடுகள் இடம் மாறும்; கதவணைகள் குறுக்கிடும். பரிசல் செல்லலாம், பாரப்படகு செல்வது அரிது.

அவ்வாறாயின் வழியே இல்லையா? உண்டு. கோதாவரியின் குறுக்கே ஸர் ஆர்தர் காட்டன் 1847-இல் தொடங்கி 1852-இல் முடித்த தவளேசுவரம் அணையிலிருந்து பிரிந்த கால்வாய்கள், வயலுக்கு நீரும் படகுக்கு வழியும் ஒருங்கே தந்தன. நீர்மட்டம் மாறும் இடங்களில் லாக்குகள் அமைந்தன. இரு கதவுகளுக்கிடையே படகை நிறுத்தி, நீரை ஏற்றியோ இறக்கியோ அப்பால் அனுப்பினார்கள்.

ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்திலிருந்து சென்னை வழியாக மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீளும் பக்கிங்காம் கால்வாயில் ஒருகாலத்தில் நெல்லும் உப்பும் விறகும் சென்னைக்கு வந்தன. 1877-78 பஞ்சகாலத்தில் பட்டினியால் வாடியவர்களுக்குக் கூலி அளித்து அதன் ஒரு பகுதியை வெட்டுவித்தனர். பின்னர் ரயிலும் லாரியும் சரக்கைக் கவர்ந்தன; 1965, 1966 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன; மணலும் நகரக் கழிவும் அதனைத் தூர்த்தன. 2008-இல் அது நான்காம் தேசிய நீர்வழியில் சேர்க்கப்பட்டது. ஆனால் அறிவிப்பினால் மட்டும் ஆழம் உண்டாகிவிடாது.

கங்கையும் இதனையே கூறுகிறது. 2018 நவம்பரில் கொல்கத்தாவிலிருந்து வாராணசிக்குச் சரக்குப் பெட்டிகளுடன் கப்பல் ஒன்று சென்றது. வற்றாத அப்பெருநதியிலும் மணலை அள்ளி ஆழத்தைக் காத்துவர வேண்டியிருக்கிறது.

ஆகவே அப்பெரியவருக்கு நான் கூறிய விடை இதுதான்: படகுவழி தானாக அமைவதன்று, இடைவிடாத பராமரிப்பினால் அமைவது. காவிரியில் இன்று அது கைகூடாது. ஆனால் வாடகையைக் குறைக்க நம் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. அண்டைச் சங்கங்கள் கலந்துபேசி, நெல் ஏற்றிச் செல்லும் லாரி வெறுமையாகத் திரும்பாமல் நெசவாளர்க்கு நூலும் விவசாயிக்கு உரமும் ஏற்றிவரச் செய்யலாமே! அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை ஆலோசிப்பீர்களாக.