குறிக்கம்பம் வரைக்கும்தான்

2013 டிசம்பர் 29. பிரெஞ்சு ஆல்ப்ஸில் மெரிபெல் என்ற பனிச்சறுக்குத் தலம். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஏழு முறை உலகப் பட்டம் வென்ற மைக்கேல் ஷூமாக்கர் தன் மகனுடன் சறுக்கிக்கொண்டிருந்தார். சீர்செய்யப்பட்ட இரண்டு தடங்களுக்கு நடுவே, யாரும் சீர்செய்யாத ஒரு பனிப்பரப்பு கிடந்தது. அதில் இறங்கியவரின் சறுக்குப் பலகை பனிக்கடியில் இருந்த பாறையில் இடித்தது. விழுந்த வேகத்தில் தலை இன்னொரு பாறையில் மோதியது. தலைக்கவசம் அணிந்திருந்தும் மூளை கடுமையாகக் காயப்பட்டது. தடத்தின் ஓரத்திலிருந்து அவர் விலகியிருந்தது சில மீட்டர்தான் என்று விசாரணையில் தெரியவந்தது. தடத்தின் எல்லைக் குறிகள் பிரெஞ்சு விதிகளின்படி சரியாகவே இருந்தன. 2014 பிப்ரவரியில், எவர்மீதும் குற்றமில்லை என்று அரசு வழக்கறிஞர் கோப்பை மூடினார்.

நான் இங்கே பேச விரும்புவது அந்தச் சில மீட்டரைப் பற்றி. ஒரு சறுக்குத் தலம் நல்லதா என்று பார்ப்பவர்கள், அதன் பொறுப்பு எந்த இடத்தில் முடிகிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விளம்பரத்தாளில் அது இருக்காது. தடங்கள் மொத்தம் எத்தனை கிலோமீட்டர், உச்சி எத்தனை மீட்டர், லிஃப்ட் எத்தனை என்பவைதான் இருக்கும். சுவிட்சர்லாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளி நடத்தும் பனிச்சறுக்கு முகாமுக்குப் போய்வந்து, சில ஆண்டுகளில் நண்பர்களோடு தனியாகவும் மலையேறத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களை அனுப்பும் பெற்றோரில் பலர் சறுக்குப் பலகையில் ஒருமுறைகூட நின்றிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு இது தெரிந்திருப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

ஆல்ப்ஸ் நாடுகளில் ‘தடம்’ என்பது பொதுவாக இரண்டு வரிசைக் கம்பங்களுக்கு இடைப்பட்ட பகுதி. அதற்குள் பனியைச் சமன்செய்வது, பனிச்சரிவு ஆபத்தைப் பார்த்துத் திறப்பது அல்லது மூடுவது, மாலையில் கடைசிச் சுற்று வந்து எவரும் விடுபட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது எல்லாம் தலத்தின் வேலை. கம்பத்தைத் தாண்டிப் போய்விட்டால், அது காட்டுமலை. மேலே லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, பத்து மீட்டர் தள்ளிக் குழந்தைகள் பாடம் படிக்கிறார்கள் என்பதால் அந்த நிலை மாறிவிடாது. வட அமெரிக்காவில் பழகியவர்கள் இங்கே எளிதில் ஏமாறுவார்கள். அங்கே தலத்தின் வெளி எல்லைக்குள் திறந்துவிடப்பட்ட சரிவுகள் முழுவதையும் பனிச்சரிவுக்கு எதிராகக் கவனித்துக்கொள்வது வழக்கம். ஆல்ப்ஸில் அந்த ஏற்பாடு கம்ப வரிசையோடு நின்றுவிடுகிறது.

கம்பங்களைப் படிக்கத் தெரிந்திருப்பது பெரிய உதவி. பிரான்சில் இறங்கும் திசையில் வலப்பக்கக் கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சு நிறப்பட்டை இருக்கும். மூடுபனியில் எதுவும் தெரியாதபோது தடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதை வைத்து அறியலாம். கம்பங்களின் எண் கீழே போகப் போகக் குறைந்து 1-இல் முடியும். மீட்புக்கு அழைக்கும்போது தடத்தின் பெயரும் அருகிலுள்ள கம்பத்தின் எண்ணும் சொன்னால் போதும். நிறங்களை மட்டும் அளவுக்கு மீறி நம்பக்கூடாது. பிரான்சில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நான்கு; ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் பச்சை கிடையாது. ஓர் ஊரின் சிவப்பு இன்னோர் ஊரின் கறுப்புக்குச் சமமாக இருக்கலாம். சுவிட்சர்லாந்து வரைபடங்களில் மஞ்சளாகக் காட்டப்படும் வழிகள் தனி வகை. அவற்றுக்குக் குறிகள் உண்டு, பனிச்சரிவுக்கு எதிரான பாதுகாப்பும் உண்டு. ஆனால் பனியைச் சமன்செய்வதில்லை, மாலையில் கடைசிச் சுற்று வருவதும் இல்லை. அங்கே தனியாக விழுந்து கால் முறிந்தால், ஆள் தேடி வருவார்கள் என்று காத்திருக்க முடியாது.

எல்லைக்கு அப்பால் போகிறவர்களை அதிகம் கொல்வது பனிச்சரிவு. ஐரோப்பாவில் 1993 முதல் ஐந்து நிலை கொண்ட ஆபத்து அளவுகோல் ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அறிக்கை வெளியாகும். சுவிட்சர்லாந்தில் டாவோஸ் நகரிலுள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் அதைத் தருகிறது. இந்த அளவுகோலில் மிகப் பரவலாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது மூன்றாம் நிலை. ஐந்துக்கு மூன்று என்றதும் தேர்வு மதிப்பெண்போல ‘நடுத்தரம்’ என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இந்த அளவுகோல் அப்படிச் சீராக ஏறுவதில்லை; ஒவ்வொரு படியிலும் ஆபத்து பன்மடங்காகப் பெருகுகிறது. மூன்றாம் நிலை என்றால், அறிக்கை சுட்டும் செங்குத்தான சரிவுகளில் ஒரே ஒரு சறுக்காளரின் எடையே பனிப்படலத்தைப் பெயர்த்துவிடலாம் என்று பொருள். சுவிஸ் குளிர்கால நாட்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த நிலையில் கழிகிறது. பனிச்சரிவுச் சாவுகளில் ஏறக்குறைய பாதியும் இந்த நிலையில்தான் நடக்கின்றன. நான்கோ ஐந்தோ அறிவிக்கப்பட்டால் பலர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்றில் வெயில் அடிக்கும், புதுப்பனி மின்னும், மலைக்குக் கூட்டம் வரும்.

உயிரிழந்தவர்களைப் புதைத்த பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பதை, அவர்களோ அவர்களுடன் வந்தவர்களோதான் தூண்டியிருக்கிறார்கள். பலகை வடிவில் பெயரும் பனிச்சரிவுக்கு 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வு தேவை. நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கள் தேடிப்போவதும் அதே சாய்வைத்தான். ஒரு சரிவில் நேற்றுப் போனவர்களின் தடயம் இருப்பது அது உறுதியானது என்பதற்குச் சான்றாகாது. இருபதாவது ஆளின் எடையில் பெயர்ந்த சரிவுகள் உண்டு.

2012 பிப்ரவரி 17 அன்று ஆஸ்திரியாவின் லெஹ் என்ற ஊரில், நெதர்லாந்து இளவரசர் ஃப்ரிசோ தடத்துக்கு வெளியே சறுக்கும்போது பனிச்சரிவில் புதைந்தார். அரச குடும்பம் ஆண்டாண்டாக விடுமுறைக்கு வந்த ஊர் அது. அன்றைய ஆபத்து நிலை நான்கு. உடன் சென்ற உள்ளூர் நண்பர் காற்றுப்பை முதுகுப்பொதியை விரித்துத் தப்பினார். ஃப்ரிசோவை 25 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தார்கள். அந்தச் சூழலில் அது வேகமான மீட்பு. ஆனாலும் மூச்சில்லாமல் கிடந்த நேரத்தில் மூளை சிதைந்துவிட்டது. நினைவு முழுமையாகத் திரும்பாமலே 2013 ஆகஸ்ட் 12 அன்று இறந்தார். பணமோ, அந்த மலையோடு இருந்த நெடுநாள் பழக்கமோ, அருகில் தயாராக இருந்த மீட்புப் படையோ அவரைக் காப்பாற்றவில்லை.

ஏன் என்பதற்கு எண்கள் விடை சொல்கின்றன. முழுதாகப் புதைந்தவர்களைப் பற்றிய சுவிஸ் பதிவுகளை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வின்படி, முதல் பத்து நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகும்போது அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. ஹெலிகாப்டர் எழும்பி வந்து சேரப் பத்து நிமிடம் போதாது. ஆகவே புதைந்தவரைக் காப்பாற்றக் கூடியவர் பக்கத்தில் நிற்கும் தோழர் மட்டுமே. அவரிடம் புதைந்த இடத்தைக் கண்டறியும் சமிக்ஞைக் கருவியும், பனியைக் குத்திப் பார்க்கும் மடக்குக் கம்பியும், மண்வாரியும் இருக்க வேண்டும். மூன்றையும் பயன்படுத்திப் பழகியிருக்கவும் வேண்டும். கருவி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பயிற்சி கொடுக்காமல் பிள்ளையை அனுப்புவது என்னைப் பொறுத்தவரை கருவியே கொடுக்காததற்குச் சமம்.

தலத்தின் பொறுப்புக்கு நேர எல்லையும் உண்டு. கடைசி லிஃப்ட் நின்றபின் தடங்கள் மூடப்படுகின்றன. பனியைச் சமன்செய்யும் கனரக வண்டிகள் இறங்குகின்றன. செங்குத்தான தடங்களில் அவற்றை மேலே நங்கூரமிட்ட எஃகு வடம் ஒன்று இழுத்துப் பிடித்திருக்கும். வடம் ஒரு கிலோமீட்டர் வரை நீளும். இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. இறுக்கம் மாறும்போது பனியிலிருந்து சட்டென்று மேலெழுந்து பக்கவாட்டில் வீசும். மலை உணவகத்தில் இருட்டும்வரை இருந்துவிட்டு இறங்கியவர்கள் அதில் மோதி இறந்திருக்கிறார்கள். மாலையில் இறங்க எந்த வழி, எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதைக் காலையிலேயே கேட்டுவிட வேண்டும்.

இனி அந்த விளம்பர எண்கள். ஜெர்மானிய ஆலோசகர் கிறிஸ்டோஃப் ஷ்ராஹே ஐரோப்பிய சறுக்குத் தலங்களின் தடங்களைச் செயற்கைக்கோள் படங்களின் உதவியோடு அளந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டார். வெர்பியே உள்ளிட்ட சுவிட்சர்லாந்தின் நான்கு பள்ளத்தாக்குத் தொகுதி 412 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தது. அவர் அளந்தபோது கிடைத்தது 164. சறுக்காளர் வளைந்து வளைந்து இறங்கும் தூரத்தைக் கணக்கில் சேர்த்தோம் என்று சில தலங்கள் விளக்கம் கூறின. அதன்பிறகு பல தலங்கள் எண்ணைத் திருத்தின என்பது நல்ல செய்தி. ஆனாலும் மொத்த நீளத்தைவிட, இன்று திறந்திருக்கும் நீளம் எவ்வளவு என்பதே சீட்டு வாங்குபவருக்குத் தேவையான எண்.

உச்சியின் உயரமும் அப்படித்தான். பனி இருக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அடிவாரத்தின் உயரமும் சரிவு பார்க்கும் திசையும். ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூஹெல் ஊர் 800 மீட்டருக்கும் கீழே இருக்கிறது, பிரான்சின் மோர்சீன் 1,000 மீட்டர் அளவில், வால் தோரான்ஸ் 2,300 மீட்டரில். செயற்கைப் பனி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்றும் நம்பக்கூடாது. ஈரப்பதத்தைச் சேர்த்துக் கணக்கிட்ட வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இரண்டு மூன்று பாகை போனால்தான் அந்த இயந்திரங்கள் ஒழுங்காக வேலை செய்யும். ஐரோப்பாவின் 2,234 தலங்களை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று, புவி வெப்பம் 2 பாகை கூடினால் செயற்கைப் பனி இல்லாத நிலையில் அவற்றில் 53 சதவீதம் பனிப் பற்றாக்குறையின் மிக உயர்ந்த ஆபத்துக்கு ஆளாகும் என்கிறது. செயற்கைப் பனியால் பாதிப் பரப்பை மூடினாலும் 27 சதவீதம் அந்த நிலையிலேயே இருக்கும். பிரான்சின் தென் ஆல்ப்ஸில் உள்ள கிராண்ட் புய் தலத்தை மூடிவிடலாம் என்று 2024 அக்டோபரில் ஊர் மக்களே வாக்களித்தார்கள். தாழ்ந்த தலத்தில் ஆறு மாதம் முன்பே பணம் கட்டி அறை பிடிப்பவர் இதையெல்லாம் தெரிந்துகொண்டு கட்ட வேண்டும்.

உயரம் கூடினால் கவலை தீர்ந்தது என்றும் இல்லை. சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்கும் இத்தாலியின் செர்வீனியாவுக்கும் இடையே நடத்தத் திட்டமிட்ட உலகக் கோப்பைப் போட்டிகள் 2022-இல் பனி போதாமல் நின்றன. 2023-இல் அதே மலையில் பனிப்பொழிவும் காற்றும் மிகுந்து நின்றன. மர எல்லைக்கு மேலே காற்று வீசினால் லிஃப்டுகள் நிற்கும். மேகம் இறங்கினால் தரை எது, வானம் எது என்று தெரியாது.

ஊருக்குப் போகும் வழியையும் பார்க்க வேண்டும். 2018 ஜனவரியில் கடும் பனியால் செர்மாட்டுக்கான பாதைகள் துண்டிக்கப்பட்டு, 13,000 பயணிகள் அங்கேயே சிக்கினார்கள். அது சிரமத்தோடு முடிந்தது. 1999 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் கால்டூயர் பல நாட்கள் வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. 23ஆம் தேதி மாலை இறங்கிய பனிச்சரிவு 31 பேரைக் கொன்றது. பாதுகாப்பானது என்று வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்த பகுதிக்குள்ளேயே அது பாய்ந்தது. அதன்பின் ஆஸ்திரியா ஆபத்து வரைபடங்களைத் திருத்தியது. ஊரைக் காக்கும் பெரும் சுவர் இன்று அங்கே நிற்கிறது. ஒரே சாலை உள்ள பள்ளத்தாக்கில் அறை எடுப்பவர்கள், திரும்பும் விமானத்துக்கு இரண்டொரு நாள் இடைவெளி விட்டு வைப்பது நல்லது.

காப்புறுதிப் பத்திரத்தில் தடத்துக்கு வெளியே நடப்பது சேருமா என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். பல பயணக் காப்புறுதிகள் வழிகாட்டி உடன் இருந்தால் மட்டுமே ஏற்கின்றன. சுவிட்சர்லாந்தில் வேலை செய்பவருக்குக் கட்டாய விபத்துக் காப்புறுதி உண்டு. ஆனால் பொறுப்பற்ற துணிகரச் செயல் என்று கருதப்பட்டால் ரொக்க இழப்பீடு பாதியாகக் குறைக்கப்படும், மோசமான நேர்வுகளில் மறுக்கப்படும். இத்தாலியில் 2022 ஜனவரி முதல், பிறருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கான பொறுப்புக் காப்புறுதி இல்லாமல் தடத்தில் இறங்கவே கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து பனிச்சறுக்குக்குப் போகிறவர்களில் பலர் போவது ஆல்ப்ஸுக்கு அல்ல, காஷ்மீரின் குல்மார்குக்கு. அங்கே ரோப் கார் 2,650 மீட்டர் உயர அடிவாரத்திலிருந்து இரண்டு கட்டமாக அஃபர்வாத் மலையில் ஏறக்குறைய 3,980 மீட்டர் வரை கொண்டுபோய் விடுகிறது. இரண்டாம் கட்டத்துக்கு மேலே இருப்பது அநேகமாக முழுவதும் சீர்செய்யப்படாத திறந்த மலை. ஆல்ப்ஸில் கம்பத்துக்கு வெளியே இருக்கும் நிலை இங்கே ரோப் காரிலிருந்து இறங்கியதுமே தொடங்குகிறது. 2023 பிப்ரவரியில் போலந்துச் சறுக்காளர் இருவர், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர் அந்த மலையில் பனிச்சரிவில் இறந்தார்கள். அதே 2024 ஜனவரியில் பனியே விழாமல் குல்மார்கின் புல்வெளி காய்ந்து கிடந்தது. பயண முகவர் தரும் திட்டத்தில் ‘இரண்டாம் கட்டம்’ என்று இருந்தால், உள்ளூர் சறுக்கு ரோந்துப் படையின் அன்றைய பனிச்சரிவு மதிப்பீடு என்ன, கூட வரும் வழிகாட்டியிடம் மூன்று கருவிகளும் உள்ளனவா, உங்களுக்கும் தருவாரா என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லாவிட்டால் முதல் கட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்குங்கள்.