91 எடுத்தாலும் ஏ1 கிடைக்காதா? சிபிஎஸ்இ கிரேடு கணக்கு இதுதான்!

சிபிஎஸ்இ 10-ம் வகுப்பு மார்க் ஷீட்டில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஏ1, பி2 என கிரேடும் இருக்கும். இது எப்படி வருது?

2010 முதல் 2017 வரை கணக்கு சிம்பிள். 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2. மார்க் ஷீட்டில் கிரேடு மட்டும்தான். ஒரு மார்க்குக்காக மாணவர்கள் மனம் உடையக் கூடாது என்பதே நோக்கம். ஆனால் 90-க்கு ஏ2, 91-க்கு ஏ1!

2018-ல் மதிப்பெண் திரும்பியது. இப்போது ஒவ்வொரு பாடத்திலும் பாஸ் ஆனவர்களை வரிசைப்படுத்தி, முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ1, அடுத்த பங்கினருக்கு ஏ2 தருகிறார்கள். மற்றவர்கள் அதிகம் எடுத்தால் 91-க்கும் ஏ2 வரலாம்.

அதாவது, கிரேடு இப்போது ரேங்க் மாதிரிதான். பிள்ளை எந்தப் பாடப்பகுதியில் தடுமாறுகிறது என்பதை அது சொல்லாது. திட்டும் முன் பெற்றோர் கேட்க வேண்டியது அதைத்தான்.