இருட்டில் தொலைந்த பாம்பர்மேன்

உருண்டையான வெள்ளைத் தலை, அதன் மேல் இளஞ்சிவப்பில் ஒரு குமிழ், முகத்தில் இரண்டு கறுப்புக் கோடுகளாகக் கண்கள். பாம்பர்மேனை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. 2006-ல் ஹட்சன் சாஃப்ட் நிறுவனம் இந்த உருவத்தை ஓரங்கட்டிவிட்டு, இரும்புக் கவசம் பூட்டிய ஓர் இயந்திர மனிதனை அந்த இடத்தில் நிறுத்தியது. எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலுக்காக வந்த அந்த ஆட்டத்தின் பெயர் 'பாம்பர்மேன்: ஆக்ட் ஸீரோ'. விமர்சகர்கள் தரும் மதிப்பெண்களைத் தொகுத்துச் சராசரி சொல்லும் மெட்டாகிரிட்டிக்கில் அதற்குக் கிடைத்தது 100-க்கு 34.

வீடியோ கேம் வரலாற்றில் தோற்ற ஆட்டங்களுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவை வந்த சுவடு தெரியாமல் மறைந்துவிடும். ஆக்ட் ஸீரோவை மட்டும் கேமர்கள் இன்றும் பேசுகிறார்கள். பழைய புகழைப் புதுப்பிக்கக் கிளம்புகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது கடினம். அதனால்தான் இந்தத் தோல்வியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

சப்போரோவில் பிறந்தவன்

ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவின் தலைநகர் சப்போரோ. அங்கே 1973-ல் தொடங்கப்பட்டது ஹட்சன். 1983-ல் வீட்டுக் கணினிகளுக்காக அந்த நிறுவனம் ஒரு சின்ன ஆட்டத்தை வெளியிட்டது. குண்டு வைத்துச் சுவரைத் தகர்த்து வழி தேடும் ஆட்டம். 1985-ல் அது நின்டெண்டோவின் ஃபேமிகாமுக்கு வந்தபோதுதான் நாம் அறிந்த வெள்ளை உருவம் திரையில் ஏறியது.

தொண்ணூறுகளில் நம் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் விற்ற டி.வி. கேம் பெட்டிகள் பலவும் அந்த ஃபேமிகாமின் நகல்களே. பல ஆட்டங்களை ஒன்றாக அடைத்த மஞ்சள், கறுப்பு கேசட்டுகளில் மாரியோ, கான்ட்ராவோடு பாம்பர்மேனும் இருந்தான். உருவாக்கிய நிறுவனத்தின் பெயர்கூடத் தெரியாமல் அதை ஆடி வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம்.

ஆனால், இந்த வரிசைக்கு உண்மையான புகழைத் தேடித் தந்தது கூட்டு ஆட்டம். 1990-ல் பி.சி. எஞ்சின் கன்சோலுக்கு வந்த பாம்பர்மேனில் ஒரே திரையில் ஐந்து பேர் மோதலாம். 1993-ல் சூப்பர் ஃபேமிகாமுக்கு 'சூப்பர் பாம்பர்மேன்' வந்தபோது, நான்கு பேர் சேர்ந்து ஆடுவதற்காகவே கூடுதல் கன்ட்ரோலர்களைச் செருகும் மல்ட்டிடேப் என்ற கருவியும் உடன் விற்கப்பட்டது. 1996-ல் வந்த 'சாட்டர்ன் பாம்பர்மேன்' பத்துப் பேருக்கு இடம் கொடுத்தது. ஒரு டி.வி.யின் முன்னால் பத்துப் பேர்! ஹட்சனின் கவனம் இத்தனை ஆண்டுகளாக எதில் இருந்தது என்பதற்கு இந்த எண்ணிக்கையே சாட்சி.

மூன்று நொடியில் ஒரு நாடகம்

விதிகள் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். கட்டம் போட்ட ஒரு மைதானம். ஒன்று விட்டு ஒன்று அசையாத தூண்கள். நடுவில் உடைக்கக்கூடிய கற்கள். ஆளுக்கொரு மூலையில் தொடங்குவார்கள். ஒரு பட்டனை அழுத்தினால் காலடியில் குண்டு. ஏறத்தாழ மூன்று நொடியில் வெடிக்கும். நெருப்பு மேலும் கீழும் இடமும் வலமுமாகக் கூட்டல் குறி வடிவில் பாயும். அதில் சிக்கினால் வைத்தவரும் சாவார், எதிரியும் சாவார்.

உடைந்த கற்களுக்குள்ளிருந்து பவர்-அப்கள் கிடைக்கும். ஒன்று நெருப்பின் நீளத்தைக் கூட்டும், இன்னொன்று குண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டும், மற்றொன்று கால்களுக்கு வேகம் தரும். குண்டை உதைத்துத் தள்ளும் திறனும் சில ஆட்டங்களில் உண்டு. இவை சேரச் சேர மைதானம் சூடுபிடிக்கும். சந்துக்குள் நுழைந்தவனின் பின்னால் ஒரு குண்டு வைத்தால் அவன் கதை முடிந்தது. அதே அவசரத்தில் தன் வழியையும் தானே அடைத்துக்கொள்பவர்களும் உண்டு. அந்த நேரத்தில் அறையே அதிரும். இரண்டு நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். தோற்றவர் 'இன்னொரு வாட்டி' என்பார். அவ்வளவுதான், பாதி ராத்திரி போய்விடும்.

இந்த ஆட்டத்தில் மைதானம் முழுவதும் எப்போதும் கண்முன் இருந்தாக வேண்டும். எந்தக் குண்டு எப்போது வெடிக்கும், எந்தச் சந்து திறந்திருக்கிறது, யார் எங்கே நிற்கிறார் என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, நீலம் எனப் பளிச்சென்ற நிறங்களும், பெரிய தலையும், பொம்மை போன்ற உருவமும் அதற்காகவே உழைத்தன. குழந்தைத்தனமாகத் தெரிந்த அந்த அழகு, ஆட்டத்தைத் தாங்கி நின்ற தூண்களில் ஒன்று. குண்டு வெடித்துச் செத்தவர்கூடச் சிரித்துக்கொண்டே அடுத்த சுற்றுக்குத் தயாராவதற்கும் அந்தப் பொம்மை முகம் ஒரு காரணம்.

பறிபோனது எது?

ஆக்ட் ஸீரோ வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 2005 இறுதியில் எக்ஸ்பாக்ஸ் 360 விற்பனைக்கு வந்தது. புதிய தலைமுறை கன்சோல்கள் என்றாலே நிஜம் போன்ற உருவங்கள், சாம்பல் நிற நகரங்கள், கனத்த ஆயுதங்கள் என்றொரு எண்ணம் தொழிலுக்குள் பரவியிருந்தது. 2004-ல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: வாரியர் வித்தின்' தன் இளவரசனைக் கோபக்காரனாக்கியது. 2005-ல் செகா, 'ஷேடோ தி ஹெட்ஜ்ஹாக்' ஆட்டத்தில் தன் முள்ளெலிப் பாத்திரத்தின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது. அந்த வரிசையில் அடுத்து வந்து நின்றவன் பாம்பர்மேன்.

கதை ஓர் இருண்ட எதிர்காலத்தில் நடக்கிறது. மனிதர்களைச் சோதனைப் பொருளாக்கி, ஆயுதமாக மாற்றி, ஒருவரோடு ஒருவர் மோத விடுகிறார்கள். உயிரோடு மிஞ்சுகிறவர் 99 தளங்களைக் கடக்க வேண்டும். கதையில் குறை சொல்ல எதுவுமில்லை. இதைவிட எளிய கதையோடு நல்ல ஆட்டங்கள் வந்திருக்கின்றன. சிக்கல் ஆட்டத்தின் உள்ளே இருந்தது.

முதலாவது, 99 தளங்களையும் ஒரே மூச்சில் ஆட வேண்டும். நடுவில் சேமித்து வைக்க வழியில்லை. வழக்கமான முறையில் ஒரு முறை நெருப்பில் பட்டால் ஆட்டம் முடிந்தது. மறுபடி முதல் தளம். பல மணி நேர உழைப்பு ஒரு நொடியில் போய்விடும். தளத்துக்குத் தளம் அரங்கும் ஏறக்குறைய அதே இரும்பு நிறத்தில் இருப்பதால், முன்னேறுகிறோம் என்ற உணர்வே வருவதில்லை. தோற்றால் உடனே மறுசுற்று என்பதுதான் இந்த வரிசையின் தாளம். அந்தத் தாளமே இங்கே அறுந்துபோனது.

இரண்டாவது, எஃப்.பி.பி. என்ற புதிய முறை. இதில் கேமரா மேலிருந்து இறங்கி, வீரனின் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுகிறது. தூணுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாது. பக்கத்துச் சந்தில் குண்டு இருக்கிறதா என்று தெரியாது. கண்ணுக்குத் தெரியாத குண்டில் சாவது அநியாயம் என்பதாலோ என்னவோ, இந்த முறையில் மட்டும் உயிர் அளவு காட்டும் கோட்டைச் சேர்த்தார்கள். ஓர் அடியில் சாவு என்ற பதற்றமும் போனது. திட்டமிட்டு மடக்கும் புத்திசாலித்தனமும் போனது.

மூன்றாவது, எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு. ஒரே டி.வி. முன்னால் நண்பர்கள் சேர்ந்து ஆடும் வசதியை எடுத்துவிட்டார்கள். ஆன்லைனில் எட்டுப் பேர் வரை மோதலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பியோடு ஆட முடியாது. எக்ஸ்பாக்ஸ் 360-ல் ஒரே சமயம் நான்கு கன்ட்ரோலர்களை இணைக்கலாம். 1993-ல் தனிக் கருவி விற்றாவது நான்கு பேரை உட்காரவைத்த நிறுவனம், கருவியே தேவைப்படாத காலத்தில் அதைக் கைவிட்டது. ஆன்லைனில் ஆடவோ சந்தா கட்டியாக வேண்டியிருந்தது. தாயக்கட்டைகளைத் தங்கத்தில் வார்த்துக் கொடுத்துவிட்டு, எதிரே உட்காரும் ஆளை அனுப்பிவிட்டால் யாரோடு ஆடுவது?

இருட்டின் மேல் மட்டும் பழி போடலாமா?

இதைப் படித்துவிட்டு, பழைய பாத்திரங்களை முரட்டுத்தனமாக மாற்றவே கூடாது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். 2013-ல் கிரிஸ்டல் டைனமிக்ஸ் 'டூம் ரைடர்' வரிசையைப் புதிதாகத் தொடங்கியது. அதில் லாரா கிராஃப்ட் அடிபடுகிறாள், ரத்தம் சிந்துகிறாள், பயப்படுகிறாள். ஆனால் பாறையில் தொற்றி ஏறுவதும், பாழடைந்த கல்லறைகளுக்குள் புதிர் அவிழ்ப்பதும் ஆட்டத்தில் அப்படியே இருந்தன. 2018-ல் வந்த 'காட் ஆஃப் வார்' தன் ஆவேச நாயகனை ஒரு தகப்பனாக்கி, கேமராவைக்கூட மாற்றியது. அங்கே புதிய கேமராவுக்குத் தக்கபடி சண்டையையே முதலிலிருந்து வடிவமைத்தார்கள். இரண்டையும் ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

எதிர்ப்பக்கத்துக்கும் உதாரணம் உண்டு. 2013-ல் கேப்காம், தன் 'டெவில் மே க்ரை' வரிசையைப் பிரிட்டனின் நிஞ்சா தியரி நிறுவனத்திடம் ஒப்படைத்தது. நாயகன் டான்டேவின் வெள்ளை முடி கறுப்பானது. விமர்சகர்கள் பாராட்டினார்கள், பழைய ரசிகர்களோ கொதித்தார்கள். 2019-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் பழைய டான்டே திரும்பிவிட்டான். ஆனாலும் அந்த ஆட்டத்தின் சண்டை நன்றாக இருந்ததால் இன்று அதை மதித்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆக்ட் ஸீரோவுக்கு அந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

ஹட்சனே தந்த பதில்

2007 ஜூலையில், அதே எக்ஸ்பாக்ஸ் 360-ல், அதே ஹட்சன், 'பாம்பர்மேன் லைவ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. டிஸ்க் கிடையாது, டவுன்லோடு செய்து ஆடும் சிறிய ஆட்டம், விலையும் குறைவு. உருண்டைத் தலை திரும்பி வந்தது. மைதானம் முழுதாகத் தெரிந்தது. ஒரே வீட்டில் நான்கு பேர் சேர்ந்து ஆடலாம், ஆன்லைனில் எட்டுப் பேர் மோதலாம். விமர்சகர்களும் ரசிகர்களும் மனதாரப் பாராட்டினார்கள். முந்தைய ஆண்டு தோற்ற அதே மேடையில் பழைய விதிகள் ஜெயித்தன. காலம் மாறிவிட்டது, பழைய பாம்பர்மேன் இனி எடுபட மாட்டான் என்ற பயத்துக்கு அடிப்படையே இல்லை என்பது ஓராண்டுக்குள் நிரூபணமானது.

2012 மார்ச்சில் ஹட்சன், கோனாமி நிறுவனத்தோடு இணைக்கப்பட்டுத் தன் அடையாளத்தை இழந்தது. பாம்பர்மேன் மட்டும் பிழைத்துக்கொண்டான். 2017 மார்ச்சில் நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல் அறிமுகமான அன்றே கோனாமியின் 'சூப்பர் பாம்பர்மேன் ஆர்' வந்தது. ஒரே திரையில் எட்டுப் பேர் வரை ஆடும் வசதி அதில் இருந்தது. இரும்புக் கவசம் மறுபடி எட்டிப் பார்க்கவில்லை.

பழைய படைப்பைப் புதுப்பிக்கும் உரிமை யாருக்கும் உண்டு. கை வைப்பதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: மக்கள் அதை எப்படி ஆடினார்கள், யாரோடு ஆடினார்கள், எந்த நொடியில் சிரித்தார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. அதைச் செய்தவர்கள் நிறத்தை மாற்றலாம், கதையை மாற்றலாம், நாயகனின் முகத்தையே மாற்றலாம். ரசிகர்கள் கூடவே வருவார்கள். அதைச் செய்யாமல் வந்த ஆக்ட் ஸீரோவுக்கு 34 மதிப்பெண் என்பது நியாயமான தீர்ப்பு.