இருட்டுக்குள் ஓர் ஈமு

சமையலறையிலிருந்து ஒரு பிடி தூள் உப்பு கேட்டு வாங்கி வாருங்கள். கூடவே ஒரு கறுப்பு அட்டையும் வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, அட்டையைத் தரையில் வைத்து, கோலமாவு தூவுவது போல உப்பை மெல்லத் தூவுங்கள். அட்டை முழுக்க வெள்ளை படர்ந்துவிட்டதா? இப்போது ஆள்காட்டி விரலால் ஒரு பறவை வரையுங்கள். நீண்ட கழுத்து, சின்னத் தலை, பெரிய உடம்பு. விரல் போன இடமெல்லாம் உப்பு விலகி, கறுப்பு எட்டிப் பார்க்கும்.

என்ன செய்தோம்? அட்டையில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. வெள்ளையை விலக்கினோம், பறவை வந்துவிட்டது!

இதே போன்ற ஒரு கறுப்புப் பறவை வானத்திலும் இருக்கிறது. அங்கே உப்புக்குப் பதில் கோடி கோடி விண்மீன்கள். அந்தப் பறவை ஈமு. ஆஸ்திரேலியாவின் தொல்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்துவருகிறார்கள். இன்று அந்த நாட்டுப் பள்ளி மாணவர்கள் இப்படிப்பட்ட கதைகளைக் குறும்படமாக்க விரும்பினால், கேமராவைத் தொடுவதற்கு முன்பே கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அந்தப் பாடத்தைத்தான் இன்று பேசப்போகிறோம். ஆனால் முதலில் ஈமுவைக் கண்டுபிடிப்போம்.

வானத்தில் ஓட்டையா?

நிலவில்லாத இரவில், ஊர் வெளிச்சம் எட்டாத இடத்தில் நின்று மேலே பாருங்கள். வானத்தின் குறுக்கே மங்கலான வெள்ளைப் பட்டை ஒன்று தெரியும். அதுதான் பால்வீதி. தெற்கு வானத்தில் அந்தப் பட்டையின் மேல் சிலுவை போல நிற்கும் விண்மீன்களைத் தென்சிலுவை என்கிறார்கள். நம் ஊரில் திரிசங்கு என்று சொல்வது இதைத்தான். மே மாதத்தில் இரவு ஒன்பது மணி வாக்கில், கன்னியாகுமரியிலோ ராமேஸ்வரத்திலோ கடற்கரையில் நின்றால் தெற்கே தாழ்வாகத் தெரியும்.

சிலுவையை ஒட்டி, மை கொட்டியது போல ஓர் இருண்ட திட்டு இருக்கிறது. வானியலாளர்கள் அதற்கு வைத்த பெயர் ‘கரிமூட்டை’. அதுதான் ஈமுவின் தலை. அங்கிருந்து பக்கத்திலுள்ள இரண்டு பிரகாசமான விண்மீன்களைத் தாண்டி ஒரு கறுப்புக் கோடு நீள்கிறதே, அது கழுத்து. விருச்சிகத்தின் பக்கம் பால்வீதி தடித்திருக்கும் இடத்தில் உடம்பு.

நாம் விண்மீன்களைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்துத்தான் உருவம் பார்ப்போம். ஆஸ்திரேலியத் தொல்குடி மக்களோ விண்மீன்களுக்கு நடுவே இருக்கும் இருட்டில் உருவம் பார்த்தார்கள்!

18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற பெரிய வானியலாளர் தம் தொலைநோக்கியில் இப்படிப்பட்ட கறுப்பு இடங்களைக் கண்டார். வானத்தில் அங்கே ஓட்டை இருக்கிறது, விண்மீன்களே இல்லை என்று நினைத்தார். அது சரியல்ல என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். கரிமூட்டை என்பது வாயுவும் தூசியும் சேர்ந்த ஒரு மாபெரும் மேகம். நம்மிடமிருந்து சுமார் 600 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதிலுள்ள தூசித் துகள்கள் அடுப்புப் புகையின் துகள்களைப் போல மிக நுண்ணியவை. பின்னால் இருக்கும் விண்மீன்களின் ஒளியை அவை தடுத்துவிடுகின்றன. அகச்சிவப்புக் கதிர்களைப் பார்க்கும் தொலைநோக்கியைத் திருப்பினால், அந்தத் தூசியை ஊடுருவிப் பின்னாலுள்ள விண்மீன்களைக் காண முடியும். புதிய விண்மீன்கள் பிறப்பதும் இத்தகைய தூசி மேகங்களுக்குள்தான்.

ஆக, அந்த இருட்டு காலியிடம் அல்ல. இதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

நாள்காட்டியாக ஒரு பறவை

ஆஸ்திரேலியத் தொல்குடிகள் ஒரே இனத்தார் அல்ல. ஐரோப்பியர்கள் அங்கே வந்து இறங்கியபோது 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. வானத்து ஈமுவைப் பற்றியும் ஒவ்வொரு மக்களிடமும் ஒவ்வொரு கதை உண்டு. கிழக்கு ஆஸ்திரேலியாவில் வாழும் கமிலராய் மக்களின் மொழியில் ஈமுவுக்குப் பெயர் தினவன்.

ஏப்ரல், மே மாதங்களில் இருட்டியதும் பார்த்தால், தினவன் கழுத்தை நீட்டி ஓடுவது போலத் தெரியும். தரையிலும் ஈமுக்கள் ஜோடி சேரும் காலம் அதுதான். பெண் ஈமு ஆணைத் துரத்திக்கொண்டு ஓடும். ஜூன், ஜூலையில் வானத்து ஈமுவின் கால்கள் தெரியாது. பறவை உட்கார்ந்துவிட்டது! தரையிலும் அப்படியே. ஈமு குடும்பத்தில் அடைகாப்பது அப்பா. கரும்பச்சை முட்டைகளின் மேல் எட்டு வாரம் உட்கார்ந்திருப்பார், கிட்டத்தட்ட எதுவுமே சாப்பிடாமல். முட்டை எடுக்கப் போகலாமா என்று அறிய, கமிலராய் மக்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தால் போதும்.

வானத்து ஈமு ஏன் நிலை மாறுகிறது? பூமி சூரியனைச் சுற்றிவருவதால், விண்மீன்கள் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன. ஒரு மாதத்தில் அது 2 மணி நேரமாகிவிடும். அதனால் அதே நேரத்துக்குப் பார்த்தாலும் மாதத்துக்கு மாதம் வானம் நகர்ந்திருக்கும். தொலைநோக்கியும் அச்சிட்ட பஞ்சாங்கமும் இல்லாமல் இதைக் கவனித்து, பறவையின் வாழ்க்கையோடு பொருத்தி, கதையாக்கிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கதை வடிவில் இருந்தாலும் இது வானியல், உயிரியல் இரண்டும்தான்.

படம் எடுக்கலாமா?

ஆஸ்திரேலியப் பள்ளிப் பாடத்திட்டத்தில் நடனம், நாடகம், இசை, ஓவியம் ஆகியவற்றோடு ஊடகக் கலையும் ஒரு பாடம். மாணவர்கள் ஒலிப்பதிவு செய்வார்கள், குறும்படம் எடுப்பார்கள், அசைவூட்டப் படம் செய்வார்கள்.

அங்கே ஒரு வகுப்பு தினவன் கதையைப் படமாக்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் உப்பு அட்டையே போதும். புத்தகங்களை அடுக்கி அதன் மேல் கைபேசியை அசையாமல் வைக்க வேண்டும். டார்ச் விளக்கைப் பக்கவாட்டிலிருந்து அடித்தால் உப்பு மின்னும், அட்டை கறுப்பாகவே இருக்கும். ஒரு படம் எடு. தூரிகையால் ஈமுவின் காலைக் கொஞ்சம் நகர்த்து. இன்னொரு படம். விநாடிக்கு 12 படம் ஓடவிட்டால், தனித்தனிப் படங்களை நம் மூளை ஒன்றாகக் கோத்துவிடும். ஈமு ஓடுவதாகவே தோன்றும். ஒரு நிமிடப் படத்துக்கு 720 தடவை உப்பை நகர்த்த வேண்டும். நடுவில் யாராவது தும்மினால் போச்சு!

ஆனால் இத்தனையும் இரண்டாவது வேலை. முதல் வேலை, கேட்பது. இந்தக் கதை யாருடையது? சொல்ல அனுமதி உண்டா?

கேட்காமல் எடுத்தால் என்ன ஆகும்? நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1966 பிப்ரவரி 14 அன்று ஆஸ்திரேலியா பவுண்டை விட்டு டாலருக்கு மாறியது. புதிய 1 டாலர் நோட்டின் பின்பக்கத்தில் அழகான ஒரு மரப்பட்டை ஓவியத்தின் உருவங்கள் இருந்தன. வடக்கே ஆர்ன்ஹெம் நிலத்தைச் சேர்ந்த டேவிட் மலாங்கி வரைந்த ஓவியம் அது. அவருடைய முன்னோரான ஒரு வேட்டைக்காரரின் இறுதிச் சடங்கைச் சொல்வது. நாடு முழுக்க எல்லார் சட்டைப் பையிலும் அந்த ஓவியம் இருந்தது, வரைந்தவருக்கு மட்டும் செய்தி தெரியாது. யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்த பிறகு 1000 டாலரும், ஒரு பதக்கமும், மீன்பிடிக் கருவிகளும் கொடுத்தார்கள். உங்கள் தாத்தாவின் இறுதிச் சடங்கை யாரோ உங்களைக் கேட்காமல் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அந்த வலிதான் அது.

புள்ளிகள் எதற்கு?

ஆஸ்திரேலியத் தொல்குடி ஓவியம் என்றதும் பலருக்கு நினைவு வருவது வண்ணப் புள்ளிகள். பருத்திக் குச்சியை வண்ணத்தில் தோய்த்துப் புள்ளி வைத்துவிட்டால் அதே ஓவியம் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே பாலைவனத்தில் பப்புன்யா என்ற சிற்றூர். 1971இல் அங்கே ஆசிரியராக இருந்த ஜெஃப்ரி பார்டன், பிள்ளைகள் மணலில் விரலால் வரைந்தபடி கதை சொல்வதைக் கவனித்தார். அவர் தந்த ஊக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்பின் கதையை வரைந்தார்கள். பிறகு பலகைகளிலும் வரையத் தொடங்கினார்கள், ஓவியங்கள் வெளியூர்களுக்கு விற்பனைக்குப் போயின. அப்போதுதான் ஒரு சிக்கல். சடங்கில் கலந்துகொள்பவர்கள் மட்டுமே பார்க்க வேண்டிய சின்னங்களும் சில ஓவியங்களில் வந்துவிட்டன. அத்தகைய சின்னங்களைத் தவிர்க்கவும், புள்ளிகளால் மூடி மறைக்கவும் ஓவியர்கள் ஆரம்பித்தார்கள். வெளியாருக்கு அலங்காரமாகத் தெரியும் புள்ளி, அவர்களுக்குத் திரைச்சீலை!

ஆகவே நம் மாணவர்களுக்கு நான்கு விதிகள்.

முதலாவது, பள்ளி எந்த மக்களின் மண்ணில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு அவர்களின் பெரியவர்களைத் தேடிப் போவது. அங்கே மூத்தவர்களை மரியாதையாக ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்று அழைப்பார்கள். நாம் ஊர்ப் பெரியவரைத் தாத்தா, பாட்டி என்று கூப்பிடுகிறோமே, அதே பாசம்.

இரண்டாவது, கதை எந்த மக்களுடையது, சொன்னவர் யார் என்பதைப் படத்திலேயே எழுதுவது. ‘பழங்குடிக் கதை’ என்று பொத்தாம்பொதுவாகப் போடக்கூடாது. ‘கமிலராய் மக்களின் கதை’ என்று போட வேண்டும்.

மூன்றாவது, இறந்துபோனவர்களின் முகமோ குரலோ படத்தில் இருந்தால் முன்கூட்டியே எச்சரிக்கை வைப்பது. பல தொல்குடி மக்களுக்கு அதைத் திடீரென்று காண்பது துயரம் தரும். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகளிலும் இந்த அறிவிப்பு வரும்.

நான்காவது, படத்தை முதலில் கதைக்கு உரியவர்களிடம் காட்டுவது. நீக்கு என்றால் நீக்க வேண்டும்.

கேட்டுச் செய்தால் எவ்வளவு நல்லது நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. மெல்போர்னிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தின் அசைவூட்டக் கலைஞர்கள், வடக்குக் கடலோரத்து யன்யூவா மக்களோடு சேர்ந்து அவர்களின் கதைகளை அவர்கள் மொழியிலேயே முப்பரிமாணப் படங்களாக்கினார்கள். அந்த மொழியை நன்றாகப் பேசுகிறவர்கள் இன்று மிகச் சிலரே. இந்தப் படங்களில் பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டிகளின் சொற்களைக் கேட்கிறார்கள். வானியல் உலகமும் கேட்கக் கற்றுக்கொண்டது. தென்சிலுவையின் ஐந்தாவது சிறிய விண்மீனுக்கு, வார்தமன் மக்கள் வழங்கிவந்த ‘கினான்’ என்ற பெயரையே 2017இல் சர்வதேச வானியல் ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. அறிவுப் பாடல்கள் நிறைந்த ஒரு சிவப்புப் பை என்பது அதன் பொருள்.

சரி, நம் வகுப்புக்குத் திரும்புவோம். ஒரு பாட்டி வந்து தினவன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஓரிடத்தில் நிறுத்தி, “இதற்கு மேல் எல்லாரும் கேட்கிற கதை இல்லை, கண்ணுகளா” என்கிறார். படத்தில் அந்த இடத்துக்கு என்ன செய்வது? எதையாவது கற்பனை செய்து நிரப்பலாமா?

வேண்டாம். திரை 3 விநாடி கறுப்பாகவே இருக்கட்டும். அதற்கு 36 படங்கள் வேண்டும். உப்பில்லாத வெறும் அட்டையை 36 முறை பொறுமையாக எடுக்க வேண்டும். பார்க்கிறவர்களில் சிலர் படம் அறுந்துவிட்டது என்று நினைக்கக்கூடும், ஹெர்ஷல் வானத்தில் ஓட்டை என்று நினைத்தது போல. நீங்கள் அப்படி நினைக்க மாட்டீர்கள். கரிமூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமே!