கழுத்துக்குக் கீழே அசைவில்லை... ஆனாலும் ஊருக்கே தோள் கொடுத்தார்! தண்டுவடத்தில் அடிபட்டவர் குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியவை

திண்டுக்கல்:

தென்னை மரம் ஏறும்போது கால் வழுக்குகிறது. நத்தம் பக்கம் புளி உலுக்கப் போன இடத்தில் கிளை முறிகிறது. கிணறு தூர் வாரும்போது கயிறு அறுகிறது. வத்தலக்குண்டு ரோட்டில் பைக் சறுக்குகிறது. ஒரே நொடிதான். அதுவரை மூட்டை தூக்கிய ஆள், அடுத்த நிமிடம் காலை அசைக்க முடியாமல் கிடக்கிறார்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அக்கம்பக்கத்தில் என்ன பேசுவார்கள்? "அவ்வளவுதான்பா, இனி எந்திரிக்க மாட்டான். பொண்டாட்டி புள்ளைங்க கதிதான் பாவம்" என்பார்கள். படுத்திருப்பவர் காதிலும் அது விழும். அடிபட்ட வலியைவிட அந்தப் பேச்சுதான் ஆளை முதலில் சாய்க்கிறது.

ஆனால் "அவ்வளவுதான்" என்று ஊர் முடிவு கட்டிய ஒருவர், படுக்கையில் இருந்தபடியே ஒரு பெரிய ஸ்தாபனத்தை எழுப்பிக் காட்டினார். அதுவும் நம் தென் மாவட்டத்தில்தான். அதன் விவரம் வருமாறு:-

கடைசி சோதனையில் விபத்து

தென்காசி பக்கத்தில் உள்ளது ஆய்க்குடி. பழனிக்குப் போகிற நம் ஊர்க்காரர்கள் பலருக்கு ஆய்க்குடி முருகன் கோவிலும் தெரிந்திருக்கும். அந்த ஊரைச் சேர்ந்தவர் எஸ்.ராமகிருஷ்ணன். கோவையில் என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தார். கடற்படை அதிகாரி ஆக வேண்டும் என்று ஆசை.

1975-ம் ஆண்டு ஜனவரியில் பெங்களூரில் நடந்த கடற்படை தேர்வுக்குப் போனார். உடல்திறன் சோதனையின்போது உயரத்தில் இருந்து தவறி விழுந்தார். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் சேதமானது. கழுத்துக்குக் கீழே உடல் செயல் இழந்தது. அப்போது அவர் கல்லூரி மாணவர்தான்.

ராணுவ ஆஸ்பத்திரியில் அவருக்கு சிகிச்சையும் தைரியமும் கொடுத்தவர் டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் என்ற விமானப்படை அதிகாரி. ஊருக்குத் திரும்பிய ராமகிருஷ்ணன் அந்த டாக்டரை மறக்கவில்லை. 1981-ல் அவர் பெயரிலேயே "அமர் சேவா சங்கம்" தொடங்கினார். அது ஐ.நா. சபை அறிவித்த சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

தொடக்கத்தில் ஒரு கொட்டகையும் சில பிள்ளைகளும்தான். 1992-ல் எஸ்.சங்கரராமன் என்பவர் கைகோர்த்தார். அவர் ஆடிட்டர். தசைச்சிதைவு நோயால் அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர். ஒருவருக்கு கை கால் அசையாது, இன்னொருவரால் நடக்க முடியாது. இரண்டு பேரும் சேர்ந்து பள்ளிக்கூடம், தொழிற்பயிற்சி, பிசியோதெரபி, தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு தனி மறுவாழ்வுப் பயிற்சி என்று வளர்த்தார்கள். 2020-ல் ராமகிருஷ்ணனுக்கு மத்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

வேலூர் டாக்டரம்மா

இதற்கும் முன்னோடி ஒருவர் உண்டு. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயல் இழந்தார். "இனி ஆபரேஷன் எப்படி செய்வது?" என்று கலங்கியவருக்கு டாக்டர் பால் பிராண்ட் வழி காட்டினார். தொழுநோயாளிகளின் கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? சக்கர நாற்காலியில் இருந்தே அதைச் செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானது. 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

கிரிக்கெட் வீராங்கனை பிரீத்தி சீனிவாசன் கதையும் அப்படித்தான். தமிழக ஜூனியர் பெண்கள் அணி கேப்டனாக இருந்தவர். 1998-ல் புதுச்சேரி கடலில் நடந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயல் இழந்தார். பிறகு திருவண்ணாமலையில் "சோல்பிரீ" என்ற அமைப்பைத் தொடங்கி, தன்னைப்போல் அடிபட்டவர்களுக்கு உதவி வருபவர்.

மூன்று பேருக்கும் கால் திரும்பி வரவில்லை. ஆனால் மூன்று பேருமே அடுத்தவரைத் தூக்கி விட்டார்கள். இதுதான் கவனிக்க வேண்டியது.

தண்டுவடம் என்றால் என்ன?

முதுகெலும்பு ஒரு குழாய் மாதிரி. அதற்குள் போகிற கேபிள்தான் தண்டுவடம். மூளை சொல்கிற தகவல் அது வழியாகத்தான் கை காலுக்குப் போகிறது. எலும்பு முறிந்தால் ஒட்டும். கேபிள் நசுங்கினால் எலும்பு மாதிரி ஒட்டாது. கழுத்தில் அடி என்றால் கை, கால் இரண்டும் பாதிக்கும். நடுமுதுகு அல்லது இடுப்பு என்றால் கால்கள் பாதிக்கும். கூடவே சிறுநீர், மலம் கழிக்கிற கட்டுப்பாடும் போகும்.

கேபிள் முழுக்கச் சேதமாகாமல் கொஞ்சம் தப்பியிருந்தால், முதல் சில மாதங்களில் ஓரளவு அசைவும் உணர்ச்சியும் திரும்பலாம். அதனால் பிசியோதெரபியை ஆரம்பத்திலேயே தொடங்க வேண்டும்.

சிலருக்கு கால் தானாக வெட்டி வெட்டி இழுக்கும். "கால் வந்துடுச்சு!" என்று வீடே சந்தோஷப்படும். அது பெரும்பாலும் தசை இறுக்கம். அதை நம்பி நகையை அடகு வைத்து ஊர் ஊராக வைத்தியத்துக்கு அலைந்து ஏமாறக் கூடாது. டாக்டரிடம் காட்டினால் இழுப்பு குறைய மருந்து உண்டு.

விழுந்தவரைத் தூக்கும்போது...

நம் ஜனங்களுக்கு இளகிய மனசு. விழுந்தவரைப் பார்த்ததும் ஓடிப்போய் உட்கார வைத்து சோடா கொடுப்பார்கள். இரண்டு பேர் நடுவில் வைத்து பைக்கில் கொண்டுபோவார்கள். அதுதான் ஆபத்து! அரைகுறையாகத் தப்பிய தண்டுவடம் அந்தத் தூக்கலில் முழுசாக நசுங்கிவிடலாம்.

தீ, தண்ணீர், லாரி என்று உடனடி ஆபத்து இல்லாவிட்டால் அவரை அசைக்காதீர்கள். தலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு 108-க்கு போன் போடுங்கள். தூக்கியே ஆக வேண்டும் என்றால் நான்கைந்து பேர் சேர்ந்து, தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி பலகையில் வைத்துத் தூக்க வேண்டும்.

உயிரைக் குடிக்கும் படுக்கைப்புண்

உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வந்தால் வலிக்காது. வலிக்காததால் தெரியாது. தெரிய வரும்போது எலும்பு வரை போயிருக்கும். பலரை முடித்தது தண்டுவட அடி அல்ல, இந்தப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். எனவே:-

* படுத்திருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியும்தான்.

* சக்கர நாற்காலியில் இருப்பவர் அரை மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். கை வராதவரை இன்னொருவர் முன்பக்கம் சாய்த்து விட வேண்டும்.

* தினமும் பிட்டம், இடுப்பு, குதிகாலைப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் நிறம் மாறாமல் நின்றால் அந்தப் பக்கம் படுக்கக் கூடாது.

* வெந்நீர் ஒத்தடம், சூடான பாத்திரம், பைக் சைலன்சர் ஆகாது. சுட்டாலும் தெரியாது.

* சிறுநீரை டாக்டர் சொன்ன முறையில், பொதுவாக 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, சுத்தமான டியூப் மூலம் எடுக்க வேண்டும். கை கழுவுவது கட்டாயம்.

* கழுத்திலோ மேல்முதுகிலோ அடிபட்டவருக்கு திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை வந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, உடையைத் தளர்த்தி, சிறுநீர் டியூப் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். குறையாவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிதான்.

அரசு உதவி

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் பாதிப்பு என்று டாக்டர் சான்று இருந்தால் பல சலுகைகள் உண்டு. முதல் வேலை, தேசிய அடையாள அட்டை வாங்குவது. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான மாதப் பராமரிப்புத் தொகையை தமிழக அரசு 2023-ல் 2 ஆயிரம் ரூபாயாக உயர்த்தியது. சக்கர நாற்காலி, பக்கவாட்டுச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர், கடன் உதவி பற்றியும் அங்கேயே விசாரித்து மனு கொடுக்கலாம். "நமக்கெல்லாம் எங்க கிடைக்கப்போகுது?" என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

வீட்டு வாசல்படி ஒரு அடி உயரம் என்றால், சரிவுப்பாதை 12 அடி நீளம் இருக்க வேண்டும். அப்போதுதான் ஆள் தள்ளாமல் தானே ஏறலாம். வாசல்படியை இடித்து சரிவு போடுகிற அன்றைக்குத்தான் பலருக்கு தெரு மறுபடி கண்ணில் படுகிறது.

இன்னொருவர் சொன்னால்தான் ஏறும்

டாக்டர் சொல்கிற ஆறுதலைவிட, அதே மாதிரி அடிபட்டு பத்து வருஷம் வாழ்ந்து காட்டியவர் சொல்கிற ஒரு வார்த்தைக்கு பலம் அதிகம். "நானும் இப்படித்தாம்பா கிடந்தேன். இப்ப கடை வச்சிருக்கேன். டியூப் எப்படிப் போடணும்னு நான் காட்டுறேன்" என்று ஒருவர் சக்கர நாற்காலியில் வந்து உட்கார்ந்தால், படுத்திருப்பவர் முகம் திரும்பும். சாவைப் பற்றிப் பேசியவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார். மறுவாழ்வு நிலையங்களில் இதற்காகவே பழைய ஆட்களைப் புதியவர்களோடு பேச வைக்கிறார்கள். சொல்பவருக்கும் இதில் லாபம் உண்டு. "என்னாலும் ஒருத்தருக்கு உபயோகம்" என்ற எண்ணமே அவருக்கு மருந்து.

மனசு ரொம்ப உடைந்துபோனால் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

பார்த்துக்கொள்கிற மனைவியையும் தாயையும் மறக்கக் கூடாது. ராத்திரி 2 மணிக்கும் 4 மணிக்கும் எழுந்து புரட்டிப் போடுவது அவர்கள்தான். அவர்களுக்கும் முதுகு உண்டு, அதுவும் வலிக்கும். அண்ணன், தம்பி, மச்சான் யாராவது வாரத்தில் ஒரு ராத்திரி முறை எடுத்துக்கொண்டால் அந்தப் பெண் நிம்மதியாகத் தூங்குவாள்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் படுத்திருக்கலாம். அடுத்த முறை பார்க்கப் போகும்போது ஆர்லிக்ஸ் பாட்டிலோடு "பாவம்" என்ற வார்த்தையையும் கொண்டுபோகாதீர்கள். "என்னண்ணே, வெளிய போயிட்டு வரலாமா?" என்று கேட்டு, நாற்காலியை டீக்கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போங்கள். அங்கிருந்துதான் மறுவாழ்வு ஆரம்பம்!