துப்பாக்கியும் தையல் இயந்திரமும்

படைக்கலம் என்றதும் பீரங்கியும் போர் விமானமும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயின், ஒரு மனிதன் தனியே தூக்கிச் சென்று தனியே இயக்கக்கூடிய கைத்துப்பாக்கி, ரைபிள் முதலியவை அவற்றினும் பரவலான தீங்கு செய்வன. இவற்றைச் சிறு ஆயுதங்கள் என்பர். 2017-ஆம் ஆண்டின் இறுதியில் உலகில் 100 கோடிக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் இருந்தன என்று ஜெனீவாவிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. அவற்றுள் ஏறத்தாழ 85 கோடி, படைவீரர் கையில் அல்ல, குடிமக்கள் கையில் இருந்தன.

குடிமக்கள் கையில் என்றால் பெரும்பாலும் வீட்டில் என்றே பொருள். இங்கேதான் பெண்களின் துயரம் தொடங்குகிறது. 2023-இல் உலகில் ஏறத்தாழ 51,100 பெண்களும் சிறுமியரும் கணவர் முதலிய துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டனர் என ஐக்கிய நாடுகள் அவை கணக்கிட்டது. இவர்கள் அனைவரும் குண்டுபட்டு மாண்டவர் அல்லர். எனினும், மனைவியைத் துன்புறுத்தும் கணவன் கைக்கெட்டும் தொலைவில் துப்பாக்கி இருக்குமாயின், அவள் கொல்லப்படும் ஆபத்து ஐந்து மடங்காகிறது என அமெரிக்க ஆய்வொன்று 2003-இல் கண்டறிந்தது. சினம் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். பாய்ந்த குண்டு திரும்பி வருமோ?

குண்டு பெண்ணின் மேல் படாத இடத்திலும் அவள் வாழ்வைச் சிதைக்கிறது. இதனை உணர்ந்து பெண்களே கிளர்ந்தெழுந்த மாநிலம் நம் நாட்டின் கிழக்கெல்லையிலுள்ள மணிப்பூர். அங்கே பல்லாண்டுகளாக ஆயுதக் குழுக்களுக்கும் அரசுப் படைகளுக்கும் இடையே மோதல் நடந்து வந்தது. எல்லை கடந்து துப்பாக்கிகளும் வந்து குவிந்தன. 2004 டிசம்பர் 24 அன்று வாப்காய் லம்காய் என்னும் சிற்றூரில், மோட்டார் பாட்டரிக் கடை வைத்திருந்த 27 வயது இளைஞர் ஒருவரை மூவர் வெளியே இழுத்துச் சுட்டுக் கொன்றனர். சுட்டவர் யார், காரணம் யாது என்பதை அவருடைய இளம் மனைவி அறிந்தாரில்லை.

அவ்வேளையில் அப்பகுதிக்குச் சென்றிருந்த ஆய்வாளர் பினாலட்சுமி நேப்ராமும் உடனிருந்தோரும் 4,500 ரூபாய் திரட்டி, அப்பெண்ணுக்கு ஒரு தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்தனர். இச்சிறு செயலிலிருந்தே துப்பாக்கியால் பாதிப்புற்ற மணிப்பூர் மகளிர் கூட்டமைப்பு வளர்ந்தது. கைம்பெண்களுக்கு வங்கிக் கணக்குத் திறப்பதும், சிறு கடன் கொடுத்து நெசவு முதலிய தொழில்களில் ஈடுபடுத்துவதும், சட்ட உதவி தேடித் தருவதும் அதன் பணிகளாயின.

ஆயுத எதிர்ப்புக்கும் தையல் இயந்திரத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. அடுத்த வேளைச் சோற்றுக்குப் பிறர் கையை எதிர்பார்ப்பவள் நீதி கேட்டு எழுவது அரிது. தன் உழைப்பில் நிற்பவள் அஞ்சாமல் சாட்சி சொல்வாள். பிள்ளைகள் பசித்துத் தெருவில் நின்றால், துப்பாக்கி ஏந்தியவனே அவர்களுக்குப் புகலிடம் ஆகிவிடுவான். ஆகவே, கைம்பெண்ணின் அடுப்பு அணையாமல் காப்பதும் ஆயுத ஒழிப்பின் ஒரு பகுதியே ஆகும்.

மற்றொரு பகுதி சட்டம். 2013 ஏப்ரல் 2 அன்று ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை ஆயுத வணிக உடன்படிக்கையை ஏற்றது. விற்கும் ஆயுதம் பெண்களுக்கு எதிரான வன்முறைக்குப் பயன்படுமா என்று ஏற்றுமதி செய்யும் நாடு முன்னரே ஆராய வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. 2014 டிசம்பர் 24-இல் அது நடைமுறைக்கு வந்தது. மணிப்பூர் இளைஞர் மாண்டு சரியாகப் பத்தாண்டு நிறைந்த நாள் அது! அவ்வுடன்படிக்கை மீதான வாக்கெடுப்பில் இந்தியா நடுநிலை வகித்தது.

நற்பணி எளிதில் நிலைபெறுவதில்லை. 2023 மே மாதம் மணிப்பூரில் இனக்கலவரம் மூண்டபோது, காவல்துறைக் கிடங்குகளிலிருந்தே ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் கொள்ளை போயின. 2025 பிப்ரவரியில் ஆளுநர் விடுத்த வேண்டுகோளை ஏற்று ஏறத்தாழ ஓராயிரம் திரும்ப வந்தன. எஞ்சியவை எவ்வீட்டுக் கூரைக்குள் கிடக்கின்றனவோ!

எங்கள் இருக்கன்குடி, அருச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் ஊர். சுற்றிலும் பட்டாசுத் தொழில். எத்தனை கிலோ மருந்து, ஓரறையில் எத்தனை ஆள், அறைக்கு அறை எத்தனை தொலைவு என உரிமம் பெறும் பட்டாசு ஆலைக்குக் கணக்கு உண்டு. அக்கணக்குத் தவறினால் என்ன நேரும் என்பதை 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி காட்டிற்று. மத்தாப்புக்கு இத்துணைக் கணக்கு வேண்டுமெனில், மனித உயிரைக் குறிவைக்கும் கருவிக்கு எத்துணை வேண்டும்!

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. 2019-இல் வந்த திருத்தம், ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது. திருமணம் முதலிய விழாக்களில் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி சுடுவோருக்கு இரண்டாண்டுச் சிறையோ, ஓரிலட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழி செய்தது.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. ஊர் அதனைக் கேட்க வேண்டும். எத்தனை ஆயுதம் யாரிடம் உள்ளது என்னும் கணக்கு ஒன்று. அவற்றால் துணையிழந்தவர் எவ்வாறு வாழ்கின்றனர் என்னும் கணக்கு மற்றொன்று. முதற் கணக்கை அரசு எழுதட்டும். இரண்டாவதை எழுதும் பொறுப்பு அண்டை வீட்டாராகிய நமக்கும் உண்டு.